'தி லாஸ்ட் லெகசி' விளையாடியவர்கள் வாருங்கள்: பிள்ளையார் கொம்பு, ஹொய்சாளர் கோட்டை, நம்ம ஊர் நடீன்

டர்பன் கடற்காற்று:

எல்லோருக்கும் வணக்கம்.

'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' விளையாடியவர்கள் இங்கே யார் யார் இருக்கிறீர்கள்? 2017 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு நாட்டி டாக் நிறுவனம் கொண்டுவந்த கேம். பழசுதான், ஆனால் நான் இப்போதுதான் முடித்தேன். முடித்ததிலிருந்து இதைப் பற்றி யாரிடமாவது தமிழில் பேச வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். குளோயி ஃப்ரேசர் புதையல் தேடுகிறவள். அப்பா வழியில் இந்தியப் பெண். அந்த அப்பா தேடியலைந்து கடைசியில் அதற்காகவே உயிரை விட்ட பொருள் ஒன்று உண்டு: பிள்ளையாரின் ஒடிந்த கொம்பு. அதைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறாள். துணைக்குக் கூலி பேசி அழைத்துப் போகும் ஆள் நடீன் ராஸ். ஷோர்லைன் என்ற கூலிப்படையை நடத்தி, அதை இழந்த தென்னாப்பிரிக்கப் பெண். நம் முன்னோர் வந்த ஊர்ப் பக்கத்து ரத்தம் ஒருத்தியிடம், நாம் வாழும் நாட்டுப் பேச்சு இன்னொருத்தியிடம். இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் சேற்றில் மாட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. நான் விளையாடியதைப் பார்த்துவிட்டு அவனுக்கும் வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா? இன்னொன்று, அம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். குளோயி பிள்ளையார் சிலையின் கையைப் பிடித்துத் தொங்கி ஏறியதும், "சாமி மேல கால வச்சு ஏறுறாளே!" என்று எழுந்து போய்விட்டார். எங்கள் வீட்டில் பிள்ளையார் சதுர்த்தி பெரிய விசேஷம். அம்மா சொன்னது எனக்கும் உள்ளே எங்கோ குத்தியது. நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

கதையின் முடிவைப் பேசுகிறவர்கள் முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

லெனேசியா அக்கா:

தம்பி, முதலில் பையன் விஷயம். ஐரோப்பிய முறையில் இதற்கு 16 வயது, அமெரிக்க முறையில் 'டீன்', அதாவது 13. ரத்தம் கொட்டுகிற கேம் இல்லை. ஆனால் துப்பாக்கிச் சண்டை நிறைய, பின்னால் போய்க் கழுத்தை நெரிப்பது உண்டு, கெட்ட வார்த்தையும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அறையில் விட்டுக் கதவைச் சாத்த நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்காருவதானால் பரவாயில்லை.

என் மகளோடு நான் அப்படித்தான் விளையாடினேன். சுடுகிற இடம் எனக்கு, ஏறுகிற இடமும் புதிரும் அவளுக்கு. கஷ்ட அளவைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாவற்றுக்கும் கீழே 'எக்ஸ்ப்ளோரர்' என்று ஒன்று இருக்கும், அதை வையுங்கள். சண்டை சீக்கிரம் முடியும், கதையும் காடும் மிஞ்சும். அப்புறம் அமைப்புகளில் குறி தானாக எதிரி மேல் விழும்படி ஒரு வசதி உண்டு. ஒரு பட்டனைப் படபடவென்று தட்ட வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடித்தாலே போதும் என்றும் மாற்றிக்கொள்ளலாம். என் கை மூட்டுக்கு அது பெரிய உதவி. இதையெல்லாம் வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

முன்னுரையில் சந்தைக்குள் நடக்கிற பகுதியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். துணிக்கடை, பழக்கூடை, மீனு என்று ஒரு சின்னப் பெண், தலைக்கு மேலே பந்தல் துணி. என் மகள் அதைப் பார்த்த உடனே, "அம்மா, இது சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட் மாதிரி இருக்கு" என்றாள். டர்பனில் பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே போவோம். இந்தியாவைப் பார்க்காத பிள்ளை, திரையில் இந்தியாவைப் பார்த்து டர்பனைக் கண்டுபிடித்தாள்.

மிட்ராண்ட் கோவைக்காரன்:

நான்காம் அத்தியாயத்தைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே! இந்த கேமின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

மொத்தம் ஒன்பது அத்தியாயம். மற்றதெல்லாம் ஒரே பாதையில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நான்காவதில் மட்டும் ஒரு ஜீப்பைக் கொடுத்து, பெரிய பள்ளத்தாக்கைத் திறந்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ என்று விடுவார்கள். அதற்கு முன் வந்த எந்த அன்சார்ட்டடிலும் இவ்வளவு பெரிய இடம் கிடையாது. உயரமான கோபுரத்தில் ஏறிச் சுற்றிப் பார்த்ததும் குளோயி கையிலிருக்கும் வரைபடத்தில் தானே குறித்துக்கொள்வாள். போக வேண்டியவை மூன்று கோட்டைகள்: திரிசூலம், வில், கோடரி. எதை முதலில் முடிப்பது என்பது உங்கள் இஷ்டம்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவன். வால்பாறைக்கும் ஆனைமலைக்கும் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. இந்த கேமில் இருக்கும் மலை அப்படியே அந்த மலை என்று சொல்ல மாட்டேன், அருவிகள் எண்ணிக்கையில் கொஞ்சம் தாராளம் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்தச் செம்மண் சேறு இருக்கிறதே! சக்கரம் சுழன்று வழுக்கும்போது ஜீப்பின் முன்னால் இருக்கும் கம்பிக்கயிற்றை இழுத்துக்கொண்டு போய் மரத்தில் சுற்றி, வண்டியை மேலே ஏற்றுகிற இடம். அந்த ஈரமும் பச்சையும் மண் நிறமும் சரியாக வந்திருக்கிறது. ஜொஹன்னஸ்பர்க்கின் காய்ந்த குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் வைக்கோலாகக் கிடக்கும்போது, சோபாவில் உட்கார்ந்து அந்த மழைக்காட்டைப் பார்ப்பது எனக்கு மருந்து.

டர்பன் நண்பரே, பையனுக்குக் காட்ட வேண்டிய புதிர் ஒன்று அங்கே இருக்கிறது. தரையில் கல் கட்டங்கள், சுற்றிலும் ஆயுதம் ஏந்திய பெரிய சிலைகள். நீங்கள் ஒரு கட்டம் தாவினால் சிலைகளும் தங்கள் முறைக்கு நகர்ந்து ஆயுதத்தை வீசும். நீங்கள் அசையாதவரை அவையும் அசையாது. வீச்சு விழப் போகும் கட்டத்தில் நின்றால் முடிந்தது கதை. கட்டை விரல் ஸ்டிக்கின் மேல் தயாராக இருக்கும், ஆனால் மூளைதான் வேலை செய்ய வேண்டும். நான் இரண்டு மூன்று தடவை அடிபட்ட பிறகு கையை எடுத்துவிட்டு, எந்தச் சிலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். புரிந்த பிறகு ஒரே மூச்சில் முடிந்தது. சுடுகிற கேம்களில் இந்தப் பொறுமையை யார் கேட்கிறார்கள்?

இன்னொன்று, கர்நாடகத்தை ஆண்ட பழைய அரச வம்சமான ஹொய்சாளரின் 11 முத்திரைகள் பள்ளத்தாக்கு முழுவதும் ஒளிந்திருக்கும். கதைக்கு அது கட்டாயமில்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் 'அரசியின் மாணிக்கம்' என்ற காப்பு கிடைக்கும். அது கையில் இருந்தால் பக்கத்தில் எங்காவது புதையல் இருக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும், கன்ட்ரோலரும் அதிரும். முத்திரை தேடி ஜீப்பில் சுற்றும்போதுதான் அந்த இரண்டு பெண்களும் மனம் விட்டுப் பேசுகிறார்கள். நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கினால் பேச்சு நின்றுவிடும், திரும்ப ஏறினால் விட்ட இடத்தில் தொடர்வார்கள். அவசரமாகக் கோட்டையை மட்டும் முடித்துவிட்டுப் போகிறவர்கள் இதில் பாதியைக் கேட்கவே மாட்டார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

டோங்காட் பெரியவர்:

நான் விளையாடுகிறவன் இல்லை. பேரன் விளையாடுவான், நான் பார்ப்பேன். இந்த கேமையும் முழுக்கப் பார்த்தேன்.

டர்பன் தம்பியின் அம்மா எழுந்து போனது நியாயம். எங்கள் தாத்தாக்கள் கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வந்தவர்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் கூட்டம் இறங்கியது. பெட்டியில் ஒன்றும் கொண்டுவரவில்லை. மவுண்ட் எட்ஜ்கோம்பில் அந்தத் தோட்டக்காரர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்த சனங்களின் கோயில். அங்கே செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போவோம். மழை பெய்து தரை சகதியாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு நாட்டில் நமக்கென்று ஒன்றுமே இல்லாத காலத்தில் அந்தச் சாமி ஒன்றுதான் நம்முடையதாக இருந்தது.

அப்படி வளர்ந்தவனுக்கு, பூட்ஸ் காலோடு பிள்ளையார் தலைமேல் ஒரு பெண் நிற்பதும், கோயில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து சுடுவதும், குண்டு வெடித்துச் சிற்பம் உடைவதும் வேடிக்கையாகத் தெரியாது. மற்ற மதத்துக் கட்டடங்களும் இந்த வரிசை கேம்களில் உடைகின்றன என்று பேரன் சொன்னான். அவர்களும் வருத்தப்படத்தான் செய்வார்கள். அது எனக்குச் சமாதானம் ஆகாது.

டர்பன் கடற்காற்று:

பெரியவரே, வணக்கம். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரியாச் சொன்னாரு" என்றார்.

நான் ஒன்று கேட்கலாமா? கதைக்குள் அந்த இடம் எல்லோரும் மறந்துபோன, பூசை நின்றுபோன பாழ்நகரம். குளோயி அந்தச் சிலைகளை அலட்சியமாகப் பேசவில்லை. அப்பா சொன்ன கதையை நடீனுக்குச் சொல்லும்போது அவள் குரலே மாறுகிறது. கெட்டவன் ஆசாவ்தான் கொம்பை ஆயுத பேரத்துக்கு விலையாக்கப் பார்க்கிறான். இந்த வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் கொஞ்சமாவது மனம் ஆறுமா?

டோங்காட் பெரியவர்:

பூசை நின்றால் சாமி போய்விடுமா தம்பி? ஆனால் அந்தப் பெண் கதை சொன்ன இடம் எனக்கும் பிடித்தது. அதை மறுக்க மாட்டேன்.

மாரிட்ஸ்பர்க் வாசகன்:

நீங்கள் பாழ்நகரம் என்றதால் எழுதுகிறேன். விளையாட்டில் வரும் ஹொய்சாளர் வேறு, நிஜ ஹொய்சாளர் வேறு. தெரிந்துகொண்டு விளையாடினால் இரட்டிப்பு சந்தோஷம்.

கேமில் வரும் பேளூரும் ஹளேபீடும் மலைக்காட்டுக்குள் தொலைந்த நகரங்கள். உண்மையில் இரண்டுமே கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில், பஸ் போகிற ஊர்கள். பேளூர் சென்னகேசவர் கோயில் 1117-இல் விஷ்ணுவர்தனன் எழுப்பியது, இன்றும் பூசை நடக்கிறது. ஹளேபீடுதான் பழைய துவாரசமுத்திரம், ஹொய்சாளர் தலைநகர். 1311-இல் மாலிக் காபூர் படை வந்து சூறையாடியது. 2023-இல் பேளூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்தது அளவு. கேமில் மலையையே குடைந்து அருவிக்கு நடுவே வானுயரச் சிலை. ஹொய்சாளர் பாணி அதற்கு நேர் எதிர். கோயில் உயரமே கிடையாது. நட்சத்திர வடிவ மேடை, கடைசல் பிடித்தது போன்ற வழவழப்பான தூண்கள், மென்மையான மாக்கல். வெட்டும்போது இளகியும் நாள்பட இறுகியும் போகும் கல் என்பதால் நகை வேலைபோல் செதுக்கினார்கள். ஹளேபீடு கோயிலின் அடிவரிசை முழுக்க யானைகள், ஒன்றின் பின் ஒன்றாக, அதற்கு மேல் சிங்கம், குதிரை, புராணக் காட்சி என்று அடுக்கடுக்காகப் போகும். கேமை உருவாக்கியவர்கள் இந்த நுணுக்கத்தைச் சுவர்களில் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஃபோட்டோ மோடில் நிறுத்திக் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சுவரும் தூணும் அருமை. பிரம்மாண்டச் சிலைகள் மட்டும் அவர்களின் கற்பனை. என்னைக் கேட்டால், அந்த மென்கல் நுணுக்கத்தையே நம்பியிருந்தால் இன்னும் அழகான கேமாக இருந்திருக்கும். ஏறித் தொங்குவதற்கு உயரம் வேண்டுமே, அதனால் விட்டுவிட்டார்கள்.

இதில் தமிழர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹொய்சாளர் அந்நியர் இல்லை. சோழ அரசன் மூன்றாம் ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறைபிடித்தபோது வந்து மீட்டவன் ஹொய்சாள நரசிம்மன். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் அவர்களுக்கு இன்னொரு தலைநகரே இருந்தது. கடைசிப் பெரிய அரசன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் தங்கி மதுரை சுல்தான்களோடு போரிட்டவன். வயது முதிர்ந்த காலத்தில் கண்ணனூர்ப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலில் வைக்கோல் அடைத்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டதை இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். திருவண்ணாமலைக் கோயிலில் இன்றும் வல்லாள கோபுரம் நிற்கிறது. பிள்ளையில்லாதவன் என்று தலக்கதை சொல்லும் அந்த அரசனுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து மாசி மாதத்தில் திதி கொடுக்கிறார் என்பது அங்கே இன்றும் நடக்கிற சடங்கு. அப்பாவுக்காகப் பிள்ளை செய்யும் கடமை என்று எடுத்துக்கொண்டால், குளோயியின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மூலப்பொருள் ஹொய்சாளர் வரலாற்றிலேயே காத்துக் கிடந்தது. எழுதியவர்கள் கைக்கு அது எட்டவில்லை.

மிட்ராண்ட் கோவைக்காரன்:

வாசகன் அண்ணா, கிரிவலம் போகும்போதெல்லாம் அந்தக் கோபுரத்தின் கீழேதான் போயிருக்கிறேன். ஹொய்சாளரோடு சேர்த்து யோசித்ததே இல்லை. இன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் இதைத்தான் பேசப் போகிறேன்.

ஃபீனிக்ஸ் பையன்:

இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது பழைய பிஎஸ் 4. 2023-இல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, ஆறாம் நிலைக்குப் போன காலத்தில் ஒரு தடவை விளையாடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், வேறொரு கேமின் சேவ் அழிந்துபோனது. இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் எங்கள் தெருவில் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. இந்த கேம் தானாக சேவ் ஆகுமா? என்ன முன்னெச்சரிக்கை எடுக்கலாம்?

லெனேசியா அக்கா:

தானாக சேவ் ஆகும், கவலைப்படாதே தம்பி. ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் செக்பாயிண்ட் உண்டு. திரை ஓரத்தில் சுழலும் குறி வரும்போது மட்டும் மின்சாரம் போகாமல் இருந்தால் சரி. கரண்ட் போய்த் திரும்ப வந்ததும், சரியாக அணைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு பிஎஸ் 4 டிஸ்க்கைச் சரிபார்க்கும். அது முடியும்வரை எதையும் தொடாதே.

நான் செய்வது இது. பவர் கட் நேரம் நெருங்கினால் ரெஸ்ட் மோடில் போடாமல் முழுக்க அணைத்துவிடுவேன். ரெஸ்ட் மோடும் மின்சாரத்தில்தான் நிற்கிறது, போனால் அதுவும் திடீர் அணைப்புதான். கரண்ட் திரும்பி வரும் அந்த நொடிதான் ஆபத்து, அழுத்தம் எகிறும். சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாமல் கன்சோலை நேராகச் சுவரில் செருகாதே. எங்கள் தெருவில் டிவிகள் போனது எல்லாம் கரண்ட் வந்தபோதுதான்.

மிட்ராண்ட் கோவைக்காரன்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். கன்சோலும் டிவியும் சேர்ந்து ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். கடையில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், ஆனால் ஒழுங்காக சேவ் செய்து அணைக்க அது போதும். பவர் கட் முழுவதும் விளையாட வேண்டுமென்றால் 500 வாட்-மணி (Wh) லித்தியம் பேட்டரிப் பெட்டி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு அதுவே மட்டுமட்டு. வீட்டில் ரவுட்டரும் ஒரு விளக்கும் அதில்தான் ஓடுகிறது என்றால் கேமை மறந்துவிடு. அப்புறம் பிஎஸ் 4-இல் சேவ் கோப்பை யூஎஸ்பியில் நகல் எடுக்கலாம், சந்தா எதுவும் வேண்டாம். அத்தியாயம் முடிந்ததும் ஒரு நகல் எடுத்து வை.

கேப்டவுன் தமிழச்சி:

இரண்டு பக்கமாகப் பிள்ளையாரைப் பேசிவிட்டீர்கள். நடீனைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அவள்தான் இந்த கேம்.

எந்தப் பெரிய ஆக்‌ஷன் கேமிலாவது தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண் இரண்டு தலைமைப் பாத்திரங்களில் ஒன்றாக வந்து பார்த்திருக்கிறீர்களா? 2016-இல் அன்சார்ட்டட் 4-இல் அவள் எதிரி. அங்கேயே கதாநாயகன் நேதன் டிரேக்கைத் துவைத்து எடுப்பாள். இங்கே அவள் தோழி. அவளும் அப்பாவின் படையைச் சுமந்தவள், குளோயியும் அப்பாவின் தேடலைச் சுமப்பவள். ஜீப்பில் அதைப் பற்றி அவர்கள் பேசும்போது, தொழிலுக்காகச் சேர்ந்த இரண்டு பேர் எப்போது சிநேகிதிகள் ஆனார்கள் என்றே தெரியாமல் ஆகியிருப்பார்கள்.

ஆனால் என் மனசில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நடீனுக்குக் குரல் கொடுத்தவர் லாரா பெய்லி, அமெரிக்க வெள்ளைக்காரர். குளோயிக்குக் குரல் கொடுத்த கிளாடியா பிளாக் ஆஸ்திரேலிய வெள்ளைக்காரர். இரண்டு பேரும் திறமைசாலிகள், நடிப்பில் குறையே இல்லை. நடீன் அறிமுகமானபோதே இதற்குக் கண்டனம் எழுந்தது. இந்த நாட்டில் நடிக்கத் தெரிந்த கறுப்பினப் பெண்களுக்கா பஞ்சம்? லாரா பெய்லியின் உச்சரிப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த காதுக்கு, உணர்ச்சி ஏறுகிற இடங்களில் இழுவை வேறு எங்கோ போய்விடுகிறது. நம்மைப் பற்றிக் கதை சொல்லும்போது நம்மில் ஒருவரை மைக்கின் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

லெனேசியா அக்கா:

தமிழச்சி, கேட்பது நியாயம்தான். ஆனால் கேமையே அதை வைத்து எடை போட என்னால் முடியவில்லை. என் மகளுக்குக் குரல் யாருடையது என்பது தெரியாது. அவளுக்குத் தெரிவதெல்லாம், இரண்டு பெண்கள் ஆண் துணையில்லாமல் மலை ஏறுகிறார்கள், ஜீப் ஓட்டுகிறார்கள், ஒருத்தி விழும்போது இன்னொருத்தி கையை நீட்டுகிறாள். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் அவளும் அவள் சிநேகிதியும் நடீன், குளோயி என்று பேர் வைத்துக்கொண்டு விளையாடினார்கள். அந்தச் சிநேகிதி சோவெட்டோவிலிருந்து வரும் கறுப்பினப் பெண். எந்தச் சண்டையும் இல்லாமல் யார் யாராக இருப்பது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

கேப்டவுன் தமிழச்சி:

அக்கா, அந்தச் சோவெட்டோப் பெண் பெரியவளாகி நடிக்கப் போகும்போது அவளுக்கு அந்த வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். குழந்தைகளுக்குத் தெரியாததால் நாம் கேட்காமல் இருக்க முடியாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கேமை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். (முடிவு பற்றிக் கொஞ்சம் வருகிறது, விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டுங்கள்.) நேதனின் அண்ணன் சாம் டிரேக் விஷயத்தைக் குளோயி மறைத்தது தெரிந்து நடீன் கோபித்துக்கொண்டு போகிறாளே, அதற்குப் பிறகு இடிபாட்டில் சிக்கிய யானையை இருவரும் விடுவித்து அதன் மேல் ஏறிப் போகும் காட்சி. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. கன்ட்ரோலரில் ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளினால் போதும். நடீன் கீழே குனிந்து யானையைத் தட்டிக்கொடுக்கும்போது அவ்வளவு நேரமும் பார்க்காத முகம் ஒன்று வரும். கடைசி ரயில் சண்டையை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

டோங்காட் பெரியவர்:

யானைக் காட்சி வந்ததும் பேரன் என்னிடம் ஒன்று கேட்டான். "தாத்தா, பிள்ளையாருக்குக் கொம்பு ஒடிஞ்சது இவங்க சொல்ற மாதிரியா?" என்றான்.

கேமில் வருவது பரசுராமன் கதை. சிவனைப் பார்க்கக் கைலாயம் வந்த பரசுராமனைப் பிள்ளையார் வாசலில் தடுக்கிறார். அவன் கோபத்தில் கோடரியை எறிகிறான். அது தன் அப்பா சிவன் கொடுத்த கோடரி என்று பிள்ளையாருக்குத் தெரியும். அப்பா கொடுத்த ஆயுதம் வீணாகக் கூடாது என்று ஒதுங்காமல் கொம்பில் வாங்கிக்கொள்கிறார். அந்த அத்தியாயத்துக்கு வாயிற்காவலன் என்ற பொருளில் பேர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் அப்பாவை நினைத்துக்கொண்டுதான் இதைத் தேடுகிறாள்.

எங்கள் ஆயா சொன்னது வேறு. கஜமுகாசுரனுக்கு எந்த ஆயுதத்தாலும் சாவில்லை என்ற வரம். அதனால் பிள்ளையார் தன் கொம்பையே ஒடித்து எறிந்து அவனை வீழ்த்தினார், அவன் பெருச்சாளியாகி வாகனமானான். இன்னொன்று பாரதம் எழுதிய கதை. வியாசர் நிறுத்தாமல் சொல்லச் சொல்ல எழுத்தாணிக்காகக் கொம்பை ஒடித்துக்கொண்டார். மூன்றையும் சொன்னேன். ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டது, பேரன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சிலைமேல் ஏறுவது எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டு இல்லாவிட்டால் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். அதையும் சொல்ல வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் வாசகன்:

பெரியவரே, ஒளியை வைத்து நிழலைச் சேர்க்கும் புதிர் ஒன்று வருமே, பார்த்தீர்களா? சிலைத் துண்டுகளைத் திருப்பித் திருப்பி, சுவரில் விழும் நிழல் முழு உருவமாகும்வரை வைக்க வேண்டும். தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். பேரனோடு அந்த இடத்தில் நீங்களே கன்ட்ரோலரை வாங்கிப் பாருங்கள். இரண்டு ஸ்டிக் போதும், சண்டை கிடையாது, நேரக் கெடுவும் கிடையாது.

டோங்காட் பெரியவர்:

பேரனிடம் கேட்கிறேன். கொடுப்பானா என்று பார்ப்போம்.

ஃபீனிக்ஸ் பையன்:

பழைய டிஸ்க் வாங்கலாமா, பிஎஸ் 5 வாங்கும்வரை காத்திருக்கலாமா?

மிட்ராண்ட் கோவைக்காரன்:

காத்திருக்காதே. பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும், பின்னால் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ் 5 வாங்கினால் அதிலும் ஓடும். 2022 ஜனவரியில் 'லெகசி ஆஃப் தீவ்ஸ் கலெக்‌ஷன்' என்று அன்சார்ட்டட் 4-ஐயும் இதையும் சேர்த்து பிஎஸ் 5-க்கு விட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. படம் இன்னும் தெளிவு, வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும். ஆனால் கதை, காடு, புதிர் எல்லாம் அதேதான். அன்சார்ட்டட் 4 விளையாடாமல் நேராக இதில் இறங்கினாலும் கதை புரியும். நடீன் ஏன் டிரேக் சகோதரர்கள் பேரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறாள் என்பது மட்டும் முழுக்கப் புரியாது.

டர்பன் கடற்காற்று:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். சனிக்கிழமை மத்தியானம் அக்கா மகன் வருகிறான். எக்ஸ்ப்ளோரர் அளவு, சுடுகிற இடம் என் கையில், மற்றதெல்லாம் அவன் கையில். அம்மா சிலை ஏறும் இடங்களில் அடுப்படிக்குப் போய்விடுவாராம். கதை சொல்லும் இடம் வந்தால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார், கஜமுகாசுரன் கதையை அவர் வாயால் சொல்ல வேண்டுமாம்.

கோவைக்காரன் அண்ணா, கடைசியாக ஒன்று. நான்காம் அத்தியாயத்தில் நான் எட்டு முத்திரைதான் எடுத்திருந்தேன். அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டால் திரும்பி வர முடியுமா?

மிட்ராண்ட் கோவைக்காரன்:

கதை முடிந்த பிறகு முகப்பில் அத்தியாயத் தேர்வு இருக்கும், அதிலிருந்து நான்காவதைத் திறந்து மீதியை எடுக்கலாம். ஆனால் பையனோடு புதிதாகத் தொடங்கும்போது மூன்று கோட்டையையும் முடிப்பதற்கு முன்பே பதினொன்றையும் தேடிவிடுங்கள். அப்போதுதான் காப்பு கையில் இருக்கும், பின்னால் வரும் அத்தியாயப் புதையல்களுக்கும் அது உதவும். வரைபடத்தைத் திறந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்துக்கொண்டே போங்கள். அருவிக்குப் பின்னால் போய்ப் பார்க்க மறக்காதீர்கள். வண்டி ஓட்டுவது அவனாக இருக்கட்டும்.